பழைய அம்பாசிடர் இன்சூரன்ஸுக்கு இரண்டு விலை ஏன்?

உங்கள் 1968 மார்க் 2 அம்பாசிடரை இன்சூர் செய்ய ஒரு கம்பெனி கேட்பதில் பாதிதான் இன்னொன்று கேட்கிறது என்றீர்கள். மலிவானதை உடனே எடுக்க வேண்டாம். மூன்றாம் நபர் பிரீமியம் (உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) எங்கும் ஒன்றுதான், அரசு நிர்ணயிப்பது. வித்தியாசம் அநேகமாக ஐடிவியில் இருக்கும், அதாவது வண்டி திருடு போனாலோ முழுதாக நாசமானாலோ கம்பெனி தரும் அதிகபட்சத் தொகையில்.

இரண்டு கொட்டேஷனிலும் ஐடிவி எவ்வளவு என்று பாருங்கள். 5 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி பேசி முடிவு செய்வதுதான். மதிப்பீட்டாளர் அறிக்கையோடு போய்க் கேளுங்கள். அப்புறம் தேய்மானம்: 10 வருடம் கடந்த வண்டியின் இரும்புப் பாகங்களை மாற்றினால், கிளெய்மில் அவற்றின் விலையில் 50% கழித்துவிடுவார்கள். குரோம் பம்பர் தேடி அலைந்தவருக்கு அது வலிக்கும்!

50 வயது தாண்டியதால் விண்டேஜ் பதிவு (பழமையான வண்டிகளுக்கான தனிப் பதிவு, எண்ணில் 'விஏ' என்று வரும்) எடுத்தால் மூன்றாம் நபர் பிரீமியத்தில் 50% தள்ளுபடி உண்டு. ஆனால் தினமும் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். ஆபீஸ் போகும் வழியில் இடித்தால் கிளெய்ம் சிக்கலாகும்.