ஆறடி இரண்டு அங்குலம் போதுமா?

கேள்வி: அக்கா, என் மகனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறான். உயரம் ஆறடி இரண்டு அங்குலம். எட்டாம் வகுப்பில் பி.டி. சார்தான் அவன் உயரத்தைப் பார்த்து பாஸ்கெட்பால் டீமில் சேர்த்தார். போன வருடம் அவன் பள்ளி மாவட்டத்தில் ஜெயித்து மாநிலப் போட்டி வரை போனது. இப்போது, 'புரொஃபஷனல் லீக்தான் என் வாழ்க்கை' என்கிறான். ஒரு தனியார் அகாடமியில் மூன்று லட்சம் கட்டினால் அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அவன் அப்பா அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார். 'பந்தைத் தட்டினால் சோறு வருமா, அது காசு உள்ளவன் ஆடுற ஆட்டம்' என்று வீட்டில் தினமும் சண்டை. நான் என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், வியாசர்பாடி

அன்புத் தங்கைக்கு,

நகையை அடகு வைக்க வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

சத்னாம் சிங் என்ற பெயரை உங்கள் மகன் நிச்சயம் சொல்லியிருப்பான். பஞ்சாபில் ஒரு சின்னக் கிராமத்துப் பையன், லூதியானா அகாடமியில் ஆடப் பழகினார். 2010-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்கு ஸ்காலர்ஷிப்பில் போனார். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-வது ஆளாகத் தேர்வு செய்தது. அமெரிக்காவின் புரொஃபஷனல் லீக்கான என்.பி.ஏ.வுக்குத் தேர்வான முதல் இந்தியர் அவர்தான். அவருடைய உயரம் ஏழடி இரண்டு அங்குலம். அப்படிப்பட்டவரும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூடக் களம் இறங்கவில்லை. முப்பது அணிகள், அணிக்குப் பதினைந்து பேர் என்றால் மொத்தம் 450 இடம்தான். உலகமே அந்த இடங்களுக்குப் போட்டி போடுகிறது. மகனின் ஆசையை அடக்க இதைச் சொல்லவில்லை. சத்னாமை அழைத்துப் போனவர்கள் செலவைத் தாங்களே ஏற்றார்கள் என்பதைக் கவனியுங்கள். திறமையைத் தேடி வருகிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள். உங்களிடம் மூன்று லட்சம் கேட்கிறவர் உங்கள் ஆசையைத்தான் விலை பேசுகிறார். மாதம் ஓர் அளவான கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கும் கோச்சிங் வேறு, அதற்குக் கொடுக்கலாம். அமெரிக்காவைக் காட்டி மொத்தமாகக் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. 'உயரத்தைப் பார்த்துச் சேர்த்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி அணியில் அவனை எங்கே நிறுத்துகிறார்கள்?

நானும் பள்ளியில் ஆடியவள். ஒன்பதாம் வகுப்பிலேயே ஐந்தடி ஏழு அங்குலம் இருந்தேன். எங்கள் கோச் என்னை வளையத்துக்குக் கீழே நிறுத்திவிட்டார். 'பந்து வந்தால் பிடி, திரும்பிப் போடு, முடியாவிட்டால் கார்டு கையில் கொடு, நீ மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடாதே' என்பார். கார்டு என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிறவர். மூன்று வருடம் அப்படியே ஆடினேன். பள்ளி ஜெயித்துக்கொண்டே இருந்தது. பதினேழு வயதில் மாநில அணித் தேர்வுக்குப் போனால், அங்கே ஐந்தடி பத்து, பதினொன்று என்று வரிசையாகப் பெண்கள் நிற்கிறார்கள். என்னை கார்டு இடத்தில் ஆடிக்காட்டச் சொன்னார்கள். இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு பத்தடி ஓட எனக்கு வரவில்லை. இரண்டாம் நாள் பட்டியலில் என் பெயர் இல்லை. அந்த கோச் கெட்டவர் இல்லையம்மா, அவருக்கு அந்தந்த வருடத்துக் கோப்பை வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியதை அவரிடம் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் விவரம் தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஆறடி இரண்டு என்பது பள்ளியில் பனைமர உயரம். தேசிய அளவில் வளையத்துக்குக் கீழே நிற்கிறவர்கள் ஏழடியை நெருங்குகிறார்கள். அந்த மட்டத்தில் உங்கள் மகன் கார்டு. பந்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும், இரண்டு கையாலும் தட்ட வேண்டும், மூன்று பாயிண்ட் தரும் 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து போடத் தெரிய வேண்டும், வளையத்தை நோக்கிப் பந்தைப் போட அணிக்குக் கிடைக்கும் 24 விநாடிக்குள் யாருக்குப் பந்து போக வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும். இதெல்லாம் பதினாறு வயதில் தொடங்கினால் வரும். இருபதில் தொடங்கினால் ரொம்பக் கஷ்டம். ஒரே ஓர் ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை பாயிண்ட் போட்டான் என்று எண்ண வேண்டாம். தங்கள் பாதியிலிருந்து எதிரணிப் பாதிக்கு எத்தனை முறை அவனே பந்தைக் கொண்டு போனான் என்று எண்ணுங்கள். விரல் விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லையென்றால் பி.டி. சாரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: 'சார், மேட்ச்சில் எங்கே வேண்டுமானாலும் ஆடட்டும், பிராக்டிஸில் இவனை கார்டாகவும் பழக்குங்கள்.' நல்ல ஆசிரியர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டு வாசலில் தினமும் அரைமணி நேரம் இடது கையால் பந்தைத் தட்டினால் அதற்கு ஒரு பைசா செலவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பதினாறு என்பது தாமதமும் இல்லை. அம்ரித்பால் சிங் டீன் ஏஜின் கடைசி வரை கபடி ஆடிக்கொண்டிருந்தவர். பாஸ்கெட்பாலுக்கு வந்து, இந்திய அணிக்கு ஆடி, 2017-ல் ஆஸ்திரேலிய லீக்கில் சிட்னி கிங்ஸ் அணிக்குப் போனார்.

அப்புறம், லீக். இதைப் பற்றி மகனிடம் நீங்கள் வெளிப்படையாகப் பேசலாம். 2015-ல் யு.பி.ஏ. என்று ஒரு லீக் வந்தது. அதில் சென்னை ஸ்லாம் என்று நம் ஊர் அணி ஆடியது. 2017-க்குப் பிறகு அந்த லீக் நடக்கவில்லை. 2022-ல் இந்தியன் நேஷனல் பாஸ்கெட்பால் லீக் தொடங்கியது, அதில் சென்னை ஹீட் அணி இருந்தது. லீக் என்பது நம் நாட்டில் சில வாரங்களோ சில மாதங்களோ நடக்கிற விஷயம். மீதி மாதங்களில் வீரருக்குச் சோறு போடுவது வேலை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று சென்னையிலேயே அணி வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. நாட்டுக்கு ஆடிய பலர் இப்படி வேலையில் இருந்துகொண்டு ஆடியவர்கள்தான். நம் சென்னைப் பெண் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். பத்தொன்பது வயதில் இந்திய அணிக்கு கேப்டன். குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து 2017 ஆசியக் கோப்பையில் அணியை நடத்தினார். 2021-ல் பத்மஸ்ரீ. 'சோறு வருமா' என்று கேட்கும் உங்கள் கணவருக்கு இந்த ஒரு பெயரே போதுமான பதில்.

அந்த வேலைக்கான படிகள் மாநில ஜூனியர் அணி, நேஷனல்ஸ், கல்லூரி அணி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்று போகும். ஆகவே பிளஸ் டூவைப் பாஸ் செய்யாமல் அந்த வழியே இல்லை. மார்க் அள்ள வேண்டியதில்லை, படிப்பை விடக்கூடாது, அவ்வளவுதான். லயோலா, எஸ்.ஆர்.எம். போன்ற இடங்களில் நல்ல அணிகள் உண்டு. நன்றாக ஆடுகிற பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டும் கட்டணச் சலுகையும் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பள்ளிக் காலத்திலேயே வெளியில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டுமென்றால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கான தேர்வுக்கு அனுப்புங்கள். தங்குவதும் சாப்பாடும் பயிற்சியும் அரசு செலவு. பாரதியார் தினப் போட்டியோ முதலமைச்சர் கோப்பையோ, எதில் ஆடினாலும் சான்றிதழை அன்றைக்கே வாங்கி, லேமினேட் செய்யாமல் ஒரு ஃபைலில் வையுங்கள். வயதைக் குறைத்துக் காட்டினால் ஜூனியர் அணியில் இன்னும் ஒரு வருடம் ஆடலாம் என்று யாராவது வருவார்கள். வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பள்ளிகளில் பெரும்பாலும் சிமென்ட் கோர்ட். வளர்கிற வயதில் அதில் குதித்துக்கொண்டே இருந்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து நிற்கும் இடத்தில் வலி வரலாம். ஸ்பிரே அடித்துக்கொண்டு ஆடவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டி, ஓய்வு கொடுங்கள். நல்ல ஷூவுக்குச் செலவு செய்யுங்கள். ஜிம்மில் விற்கிற பவுடர் டப்பா எதுவும் வேண்டாம். முட்டை, சுண்டல், கடலை, மீன் போதும். டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் சாப்பிட்டு, ஊக்கமருந்து சோதனையில் மாட்டிக்கொண்டால் வருடக்கணக்கில் தடை.

காசு உள்ளவன் ஆட்டம் என்கிறாரே அவன் அப்பா, அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் தகவல் தப்பு. 1891-ல் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்த ஆட்டம் இது. அந்தப் பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிறதே, அதேதான். அங்கே படித்த உடற்பயிற்சி ஆசிரியர்கள் நம் பள்ளிகளில் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு பந்தும் ஒரு வளையமும் இருந்தால் இருபது பிள்ளைகள் ஆடலாம்.

மகன் ஆடி உங்கள் கணவர் ஒரு முறையாவது பார்த்திருக்கிறாரா? கடிதத்தில் அது இல்லை. அடுத்த ஆட்டம் அவருடைய விடுமுறை நாளில் வந்தால் கையோடு அழைத்துப் போங்கள். சண்டையைப் பற்றி வழியில் எதுவும் பேச வேண்டாம். லேத்தில் நூலளவு பார்த்து வேலை செய்கிற மனிதர் அவர். பையன் ஃப்ரீ த்ரோ போடும்போது முழங்கை எப்படி நிற்கிறது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிற்கிறதா என்பது அவர் கண்ணுக்குத் தப்பாது. வீடு திரும்பும்போது அவர் பையனிடம் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.