கணிதத்தை விட்டவரும் கடதாசியை எரித்தவரும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பொருளியல் பற்றிய கேள்விகளை மாலை ஆறு மணிவரை இங்கே எழுதிக் கேளுங்கள்.

கொக்குவில் மாணவி: சேர், பொருளியல் விரிவுரையாளராக என்ன வேண்டும்?

பட்டத்தில் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்தபின் முதுமாணி, கலாநிதி. ஆனால் தங்கச்சி, கணிதத்தை விடாதீர்கள். கலைப் பிரிவிலிருந்து போன கெட்டிக்காரர்கள் வெளிநாட்டில் முதலாம் ஆண்டிலேயே நுண்கணிதத்தில் இடறியதைப் பார்த்திருக்கிறேன்.

மானிப்பாய்: பொருளியலா, நிதியியலா?

வங்கி வேலை என்றால் நிதியியல். வங்கி ஏன் விழுந்தது என்று கேட்கும் ஆள் என்றால் பொருளியல். இரண்டுக்கும் கணிதம்.

சுன்னாகம்: டொலர் எப்போது இறங்கும்?

சோதிடரைக் கேளுங்கள்.

பருத்தித்துறை: பொருளாதார வரலாறு செய்ய யாழ்ப்பாணத்தில் என்ன மிச்சம் இருக்கிறது?

இதற்காகத்தான் காத்திருந்தேன். 1981இல் நூலகம் எரிந்தது உண்மை. ஆனால் ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், இருக்கிறது. அதில் ஒற்றி வருகிறது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுப்பார். வட்டி வீதம் எழுதப்படாத கடன்! கடன் தொகையும் விளைச்சலும் தெரிந்தால் அந்த வீதத்தை நீங்களே கணித்துவிடலாம். காணி உறுதிகள் வீட்டு றங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. ஒல்லாந்தர் ஆவணங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில். ஒல்லாந்த மொழியைப் படியுங்கள், நம்மூர் வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் ஒல்லாந்தர் ஆவணங்களைக் கொண்டுதான் கடல் வணிக வரலாற்றில் உலகப் பெயர் எடுத்தார்.

உரும்பிராய்: ஏட்டுக் கதை போதும். 1977இல் இறக்குமதியைத் திறந்துதான் எங்கள் வெங்காயத்தையும் மிளகாயையும் அழித்தார்கள். அதை எழுதுங்கள்.

அடி விழுந்தது உண்மை. ஆனால் அதற்குமுன் கிடைத்த நல்ல விலை இறக்குமதித் தடையால் வந்தது. அந்த விலையைக் கொடுத்தது கொழும்பில் மிளகாய் வாங்கிய குடும்பம்.

உரும்பிராய்: அப்பு கல்வீடு கட்டியது வெயிலில் காய்ந்து. தடை வந்தா தண்ணீர் இறைத்தது?

உழைப்பை மறுக்கவில்லை, ஐயா. உழைப்பு விளைச்சலைத் தரும், விலையைத் தராது. தண்ணீர் என்றீர்களே, 1990களில் போர்க்கால எரிபொருள் தடையில் இறைப்பு இயந்திரங்கள் நின்றன. அந்த நட்டத்தையும் 1977இன் கணக்கில் எழுதுவது சரியா?

கொக்குவில், இன்னொருவர்: கணிதம் இல்லாமல் முடியாதா?

மேலே வாசியுங்கள்.

சாவகச்சேரி: சேர், கணிதம் கட்டாயமா?

ஓம். ஓம். ஓம்.

உரும்பிராய்: அப்புவின் வெங்காயக் கணக்குக் கொப்பி வீட்டில் இருக்கிறது. 1972 முதல். விலை, உரம், கூலி எல்லாம். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எரித்துவிடாதீர்கள். ஞாயிறு காலை வருகிறேன். மற்றவர்களுக்கு இன்று இவ்வளவுதான்.