புதுச் சான்றிதழ் போட்டும் எச்சரிக்கை போகவில்லையே?

கேள்வி: நெட்வொர்க் பிரிண்டரின் அமைப்புப் பக்கத்தை பிரவுசரில் திறந்தால் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்கிறது. பிரிண்டரிலேயே புதுச் சான்றிதழ் (இது இன்ன சாதனம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் அடையாளக் கோப்பு) உருவாக்கி விண்டோஸிலும் நிறுவிவிட்டேன். எச்சரிக்கை மாறவில்லை. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் பெயரில். முகவரிப் பட்டையில் 192.168.1.50 என்று அடிக்கிறீர்கள். சான்றிதழில் பிரிண்டரின் பெயர் மட்டும் இருக்கும். 2017-இல் வந்த குரோம் 58 முதல் சான்றிதழில் பெயர் எழுதும் பழைய இடமான ‘காமன் நேம்’ கணக்கில் வருவதில்லை. ‘சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்’ (மாற்றுப் பெயர்) என்ற பகுதியில் நீங்கள் அடிக்கும் முகவரி அப்படியே இருக்க வேண்டும். எண் முகவரியை அங்கே டிஎன்எஸ் (எழுத்துப் பெயர்) வகையில் எழுதினால் செல்லாது, ஐபி (எண் முகவரி) வகையில்தான் எழுத வேண்டும்.

ஆகவே முதலில் ரவுட்டரில் அந்த பிரிண்டருக்கு ஒரே ஐபி முகவரியை ஒதுக்குங்கள். அடுத்து பிரிண்டரின் தேதியைப் பாருங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கடிகாரம் 2000-ஆம் ஆண்டில் நின்றிருக்கும்போது 5 ஆண்டு சான்றிதழ் உருவாக்கினால், அது பிறக்கும்போதே காலாவதி.

இரண்டும் சரியான பிறகு சாவி வகையாக ஆர்எஸ்ஏ 2048 பிட், கையெழுத்து முறையாக ஷா-256 தேர்ந்தெடுத்துப் புதிதாக உருவாக்குங்கள். மாற்றுப் பெயர் எழுத பிரிண்டரில் இடமே இல்லையென்றால், கணினியில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருள் கொண்டு தயாரித்து, பாஸ்வேர்டு போட்ட பிஎஃப்எக்ஸ் கோப்பாக (சான்றிதழும் அதன் ரகசியச் சாவியும் சேர்ந்தது) பிரிண்டரில் ஏற்றலாம். ஏற்றியதும் பிரிண்டரை அணைத்து மீண்டும் போடுங்கள்.

விண்டோஸில் நிறுவும்போது ‘லோக்கல் மெஷின்’ தேர்ந்தெடுத்து, ‘டிரஸ்டட் ரூட் சர்ட்டிஃபிகேஷன் அத்தாரிட்டீஸ்’ பெட்டியை நீங்களே காட்டுங்கள். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் வேறு பெட்டிக்குப் போய்விடும். பிறகு பிரவுசரை முழுதாக மூடித் திறக்க வேண்டும். மற்ற கணினிகளுக்கு சான்றிதழ் மட்டும் உள்ள சிஇஆர் கோப்பை மட்டும் கொடுங்கள். பிஎஃப்எக்ஸில் அந்த ரகசியச் சாவியும் இருக்கிறது. அதுவும் பாஸ்வேர்டும் கிடைத்தவர் உங்கள் பிரிண்டராகவே நடிக்க முடியும்.

கேள்வி: அடிக்கடி புதுப்பிக்காமல் இருக்க 10 ஆண்டுக்குப் போட்டுவிடலாமா?

பதில்: ஐபோன், மேக் எதுவும் இல்லாத இடத்தில் ஓடும். ஆனால் 2019 ஜூலை 1-க்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ் 825 நாளுக்கு மேல் செல்லுபடியானால் ஆப்பிள் சாதனங்கள் ஏற்பதில்லை. 800 நாள் வைத்து, முடிவதற்கு ஒரு மாதம் முன்பே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து பிரிண்டர் இருந்தால் தனித்தனியாகச் செய்யாதீர்கள். சொந்தமாக ஒரு ரூட் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் மூலச் சான்றிதழ்) உருவாக்கி அதை எல்லாக் கணினியிலும் ஒருமுறை நிறுவிவிட்டு, பிரிண்டர்களின் சான்றிதழ்களுக்கு அதைக் கொண்டு கையெழுத்திடுங்கள். புதுப்பிக்கும்போது பிரிண்டரில் மட்டும் கை வைத்தால் போதும்.