ஆப்ஷன் பணத்தை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 31. அனிமேஷன் ஸ்டூடியோவில் ஆறு வருடமாக ஸ்டோரிபோர்டு வரைகிறேன். இயக்குநராக வேண்டும். வேலை முடிந்த பிறகு இரவில் எழுதிய சிறுவர் தொடருக்கு, கேப் டவுன் தயாரிப்பாளர் ஒருவர் 18 மாத ஆப்ஷனாக 25,000 ராண்ட் தருகிறார். சேமிப்பு 1,40,000. வீட்டுச் செலவு மாதம் 18,000. வேலையை விட்டு, பென்ஷன் ஃபண்டையும் எடுத்துக்கொண்டு முழுநேரம் எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்மா. ஆப்ஷனை ஏற்றுக்கொள்ளுங்கள், ராஜினாமா கடிதத்தை மட்டும் எழுதாதீர்கள்.

25,000த்தை 18ஆல் வகுத்தால் மாதம் 1,400 ராண்ட்கூட இல்லை. ஆப்ஷன் என்றால் கதையைப் பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமையை மட்டும் பிடித்து வைப்பது. அந்த 18 மாதமும் கதையை வேறு யாருக்கும் விற்க முடியாது; அதற்கான வாடகைதான் இந்தப் பணம். சேனலும் முதலீடும் அமைந்தால்தான் பெரிய தொகை வரும். உங்கள் சேமிப்போ எட்டு மாதம் முழுசாகத் தாங்காது.

கையெழுத்துக்கு முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் படியுங்கள். 1978ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கியது முதலாளிக்குச் சொந்தம். இரவில் எழுதியதுதான் என்றாலும், ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஒரு வரைவு இருந்தால் வம்பு வரலாம். "இந்தக் கதையில் எங்களுக்கு உரிமை இல்லை" என்று ஸ்டூடியோவிடம் எழுதி வாங்குங்கள். தேதியோடு உள்ள பழைய வரைவுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆப்ஷன் தாளில், பிறகு கதையை வாங்கும்போது தர வேண்டிய முழு விலை இன்றே எழுதப்பட வேண்டும். கெடு முடிந்தால் உரிமை தானாக உங்களிடம் திரும்ப வேண்டும். நான் அதிகம் பார்க்கச் சொல்வது பணம் தரும் வரியை. அவுட்லைன், முதல் வரைவு, இரண்டாம் வரைவு என்று தவணை பிரிப்பார்கள். அங்கே "ஒப்புதல் கிடைத்ததும்" என்று இருந்தால், சேனல் திருத்தம் சொல்லிக்கொண்டே இருக்கும் வரை உங்களுக்குக் காசு வராது. "ஒப்படைத்ததும்" என்று மாற்றச் சொல்லுங்கள். திருத்தம் இரண்டு சுற்றுக்கு மேல் போனால் தனிக் கட்டணம். கூடவே பைலட்டின் (மாதிரி முதல் எபிசோடின்) அனிமேட்டிக்கை, அதாவது ஸ்டோரிபோர்டு படங்களை ஒலியோடு ஓடவிடும் முன்வடிவை, நீங்களே இயக்குவதாக ஒரு வரி கேளுங்கள். ஸ்டோரிபோர்டு கலைஞருக்கு எபிசோடு இயக்கம் வரை போக அதுதான் நேர் வழி. பணம் கொஞ்சம் குறைந்தாலும் இதை விடாதீர்கள்.

பென்ஷன் ஃபண்டைத் தொடவே வேண்டாம். 2024 செப்டம்பர் 1க்குப் பிறகு கட்டியதில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வு வரை கைக்கு வராது. மீதி ஒரு பங்கான சேமிப்புப் பகுதியில் எடுப்பது அந்த வருட வருமானத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். அதற்கு முன் சேர்ந்ததை ராஜினாமாவின்போது எடுக்கலாம். ஆனால் அது ஓய்வின்போது வரியில்லாமல் கிடைக்க வேண்டிய தொகையில் கை வைக்கும். வேலை மாறும் நாளில் பிரிசர்வேஷன் ஃபண்டுக்கு (பழைய வேலையின் பென்ஷன் பணத்தை ஓய்வு வரை அப்படியே வைத்திருக்கும் ஃபண்டு) மாற்றினால் வரி இல்லை. இன்னொன்று: தானாக வேலையை விட்டவருக்கு யுஐஎஃப் (அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பணம் கிடைக்காது.

எழுத்து வருமானம் வந்தால் சார்ஸில் (தென்னாப்பிரிக்க வரித்துறை) தற்காலிக வரி, அதாவது அந்த வருட வருமானத்தைக் கணித்து முன்கூட்டியே கட்டும் வரி, கட்ட வேண்டியிருக்கும்: ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும். தவறினால் 10 சதவீத அபராதம். ஒவ்வொரு இன்வாய்ஸிலும் கால்வாசியைத் தனிக் கணக்கில் போடுங்கள்.

ஒரு வருடச் செலவான 2,16,000 ராண்ட் கையில் இருந்து, எழுத்து வேலைக்கோ எபிசோடு இயக்கத்துக்கோ கையெழுத்தான ஒப்பந்தமும் இருந்தால், அப்போது தைரியமாக வேலையை விடுங்கள்.