வீடியோ கேம் விருதுகள்: ஓட்டு யார் கையில்?

கேள்வி: 2019-ன் சிறந்த வீடியோ கேம் எது என்று தேடினால் ஒவ்வொரு விருதும் ஒரு பெயர் சொல்கிறது. எதை நம்புவது?
– மதுரை வாசகர்

பதில்: அந்த ஆண்டு நடந்ததே அதுதான். கோல்டன் ஜாய்ஸ்டிக் 'ரெசிடென்ட் ஈவில் 2'க்கும், தி கேம் அவார்ட்ஸ் 'செகிரோ'வுக்கும், பிரிட்டனின் திரைக்கலை அகாடமி தரும் பாஃப்டா 'அவுட்டர் வைல்ட்ஸு'க்கும் போயின. டைஸ், டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருதுகள் இரண்டையும் 'அன்டைட்டில்டு கூஸ் கேம்' தட்டிச் சென்றது.

ஓட்டுப் போடுகிறவர்கள் மாறினால் முடிவும் மாறும். 1983 முதல் பிரிட்டனில் தரப்படும் கோல்டன் ஜாய்ஸ்டிக்கில் ரசிகர்களின் ஓட்டுக்கே முதலிடம். 2014-ல் வந்த தி கேம் அவார்ட்ஸில் ஊடகங்கள் அடங்கிய நடுவர் குழுவுக்கு 90 சதவீதம், பொதுமக்களுக்கு 10. டைஸும் (1998) டெவலப்பர்ஸ் சாய்ஸும் (2001) தொழிலில் இருப்பவர்களே தங்கள் சகாக்களுக்குத் தருபவை. வாத்து ஒன்று ஊரைக் கலக்கும் 'அன்டைட்டில்டு கூஸ் கேம்' என்ற சின்ன விளையாட்டை அவர்கள் உச்சியில் வைத்தது எங்களுக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு.

கேள்வி: கேம் டிசைன் படிக்கிறேன். எந்த விருதைக் கவனிக்கலாம்?
– கோவை வாசகர்

பதில்: 'சிறந்த கேம்' பட்டத்தில் கதை, இசை, கிராபிக்ஸ் எல்லாம் கலந்துவிடும். அதனால் டிசைனுக்கென்றே, அதாவது விளையாட்டின் விதிகளையும் நிலைகளையும் வகுப்பதற்கென்றே, உள்ள பிரிவைப் பாருங்கள். டைஸ், டெவலப்பர்ஸ் சாய்ஸ், பாஃப்டா மூன்றிலும் அது உண்டு. தி கேம் அவார்ட்ஸில் 'இயக்கம்' (டைரக்‌ஷன்) என்ற பிரிவுதான் இருக்கிறது.

2020-ல் டைஸும் டெவலப்பர்ஸ் சாய்ஸும் டிசைன் விருதை 'பாபா இஸ் யூ'வுக்குக் கொடுத்தன. ஃபின்லாந்தின் ஆர்வி தெய்காரி உருவாக்கியது. இதில் விதிகளே திரையில் கட்டைகளாகக் கிடக்கும். 'வால் இஸ் ஸ்டாப்' என்று மூன்று கட்டைகள் வரிசையாக இருக்கும்வரை சுவர் வழி மறிக்கும். 'ஸ்டாப்'பை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் சுவருக்குள்ளேயே நடந்து போகலாம். 'பாபா இஸ் யூ' என்ற வரிசையிலிருந்து 'யூ'வைத் தவறித் தள்ளினாலோ உங்கள் பாத்திரம் உங்கள் கட்டுப்பாட்டை விட்டே போய்விடும். கடைசி நகர்வை ரத்து செய்து ஒரு அடி பின்னால் போக வேண்டியதுதான். படிக்கிறவர்கள் முதல் பத்து நிலைகளை ஆடி, ஒவ்வொன்றும் எந்த ஒரு புது விதியைக் கற்றுத் தருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிசம்பரில் வெளியாகும் கேம்களுக்கு விருதே கிடையாதா?
– சேலம் வாசகர்

பதில்: உண்டு, அடுத்த ஆண்டுக் கணக்கில். தி கேம் அவார்ட்ஸ் விழா டிசம்பர் தொடக்கத்திலேயே நடப்பதால், தகுதி நாள் நவம்பரிலேயே முடிந்துவிடும். 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' வெளியானது 2018 டிசம்பர் 7, விழாவுக்கு மறுநாள். அது 2019 பட்டியலில்தான் இடம்பிடித்து, சிறந்த சண்டை கேம் விருதை வென்றது.