நேயர் கேட்காத பாட்டு

அன்புள்ள அண்ணன்,

வெள்ளிக்கிழமை இரவு உங்கள் நிகழ்ச்சியை அக்கரைப்பற்றிலிருந்து கேட்டு வருகிறேன். போன கிழமை அயர்லாந்துப் பையன்கள் பாடிய ஒரு பாட்டைப் போட்டீர்கள். முடிந்த கையோடு அதையே மறுகாவும் போட்டீர்கள். "றேடியோ பழுதாப் போச்சா?" என்று வாப்பா எழும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு அமெரிக்கப் பள்ளிக்கூடம் ஒன்றின் பாண்டு, அதற்குப் பிறகு நித்தி கனகரத்தினம். எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு என்று விளங்கவில்லை. பங்க், ஃபங்க் என்று நீங்கள் சொல்வதெல்லாம் நம் ஊரில் இருந்ததா? எங்கள் பகுதியில் ஆட்கள் கேட்பது சினிமாப் பாட்டும் பிறந்தநாள் வாழ்த்தும்தான். ஒரு அறிவிப்பாளர் தன் சொந்த ரசனையை இப்படி நேயர்கள் தலையில் கட்டலாமா? கோபமாகக் கேட்கவில்லை. எனக்கும் பழைய இசைத்தட்டுகள் தேட ஆசை வந்திருக்கிறது, எங்கே தொடங்குவது என்றும் சொல்லுங்கள்.

எம்., அக்கரைப்பற்று

அன்புள்ள தம்பி,

றேடியோ பழுதில்லை என்று வாப்பாவிடம் சொல்லுங்கள். வேண்டுமென்றுதான் இரண்டு முறை போட்டேன். அந்த யோசனைகூட என்னுடையது இல்லை. 1978 செப்டம்பரில் பிபிசியின் ஜோன் பீல் என்ற அறிவிப்பாளர், அதே பாட்டை ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு தடவை ஒலிபரப்பினார். 'தி அண்டர்டோன்ஸ்' என்ற பங்க் குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்'. இரண்டரை நிமிடம்கூட ஓடாது.

அந்தப் பையன்கள் வட அயர்லாந்தின் டெரி நகரத்தவர்கள். தெருவில் இராணுவம், சோதனைச் சாவடி, குண்டு வெடிக்கும் கடைத்தெரு. மட்டக்களப்பில் வளர்ந்தவனுக்கு இதை விவரிக்கத் தேவையில்லை. பெல்ஃபாஸ்டில் டெரி ஹூலி என்றொருவர் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். 'குட் வைப்ரேஷன்ஸ்' என்பது கடைக்கும் பெயர், அவர் தொடங்கிய சின்ன இசைத்தட்டு நிறுவனத்துக்கும் பெயர். அவர்தான் அந்தத் தட்டை வெளியிட்டார். லண்டன் வரை கொண்டுபோய்ப் பெரிய நிறுவனங்களிடம் காட்டினார், யாரும் ஏற்கவில்லை. பிறகு ஒரு பிரதி பீலின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு நடந்தது உங்கள் வாப்பா கேட்டதுதான்.

பீல் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. தனக்குப் பிடித்தது, போட்டார். 2004இல் பெருவுக்குப் போன இடத்தில் இறந்தார். அந்தப் பாட்டின் ஒரு வரி அவருடைய கல்லறைக் கல்லில் இருக்கிறது. அவர் சில நேரம் தட்டைத் தவறான வேகத்திலும் சுழல விடுவார், பாதிப் பாட்டில்தான் கண்டுபிடிப்பார். பழகிய நேயர்கள் அதற்காகவும் காத்திருப்பார்களாம். நம் இலங்கை வானொலியின் சுத்தமான உச்சரிப்புக்கும் நிமிடம் தவறாத நேர்த்திக்கும் பழகியவர்களுக்கு இது அதிசயமாக இருக்கும். அந்த நேர்த்தி எனக்கும் பிடிக்கும். ஆனால் நேர்த்தியாகப் பேசுகிற ஒரு குரலிடம் "இந்தப் பாட்டு உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டால் பதில் வராது.

பாட்டு எதைப் பற்றியது? அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தியைப் பார்த்து ஏங்குகிற பையனைப் பற்றியது, அவ்வளவுதான். ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது காதல் பாட்டா என்று கேட்டவர்களும் உண்டு. அதே ஆண்டில் பெல்ஃபாஸ்டின் 'ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ்' குழு குண்டையும் துப்பாக்கியையும் நேராகவே பாடியது. எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைப் போட்டால் மற்றதைப் போடக் கூடாது என்று சொல்கிற ஆட்களோடுதான் எனக்குச் சண்டை. நம் பகுதியில் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

அதனால்தான் நித்தி கனகரத்தினம் அடுத்து வந்தார். 'சின்ன மாமியே' என்ற பாட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றியதுதானே? மாமியிடம் மகள் எங்கே என்று பையன் கேட்கிறான், கேலியும் ஆசையும் கலந்து. அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது சாதாரணம். ஆனால் 1970களின் தொடக்கத்தில் வானொலியில் தமிழ்ப் பாட்டு என்றால் ஒன்று கர்நாடகம், இல்லாவிட்டால் சினிமா, இல்லாவிட்டால் பண்போடு ஒலிக்கும் மெல்லிசை. அந்த இடத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழோடு, கிட்டாரோடு, கள்ளுக்கடையையும் மாமியையும் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். பரமேஸ்–கோணேஸ் சகோதரர்கள் திருகோணமலையிலிருந்து வந்தார்கள். ஏ. ஈ. மனோகரன் வந்தார், 'சுராங்கனி' தமிழ்நாட்டுச் சினிமா வரைக்கும் போனது. துள்ளிசை என்றும் பொப் என்றும் சொன்னார்கள். பங்க் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். கிட்டாரைக் கிழிய அடித்து மூன்று சுரக்கட்டில் கத்துகிற அந்த வகைத் தட்டு நம் பக்கத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தன் வாய்மொழியிலேயே பாடியது அதில் இருக்கிறது. நான் தேடுவது அதைத்தான்.

அது ஏன் அந்தக் காலத்தில் நடந்தது என்பதும் முக்கியம். 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கிப் பிடித்தது, தென்னிந்தியச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலம்தான். ஆனால் உள்ளூர்ப் பத்திரிகை, உள்ளூர்ப் படம், உள்ளூர்ப் பாட்டு எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம், வீட்டுக்கு வீடு ஜப்பான் கசற் றெக்கோடர். தட்டுகள் அலுமாரிக்கு மேலே போயின. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்புக் கூரைகளோடு அவற்றில் எத்தனையைக் கொண்டு போனதோ. பிறகு இடப்பெயர்வுகள், 2004 சுனாமி. இடம்பெயரும்போது யார் இசைத்தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்?

இனி அந்தப் பள்ளிக்கூட பாண்டு. இது ஃபங்க், முன்னதோடு குழப்ப வேண்டாம். பங்க் அவசரமானது, நேராக ஓடும். ஃபங்க் இடுப்பில் இருக்கிறது. ஜேம்ஸ் பிரவுன் 1960களின் நடுவில் தன் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்: முதல் அடியை எல்லோரும் சேர்ந்து அழுத்து, மற்ற இடங்களில் விலகி நில். கிட்டார், எக்காளம், ஏன் பாடகரின் குரல்கூட மேளமாகிவிடும். கூத்துக் களரியில், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளம் தாளக்கட்டைத் தீர்க்கும் இடத்தில் காலைத் தூக்கி வைத்துப் பழகியவனுக்கு இதை யாரும் பாடமாக எடுக்கத் தேவையில்லை. சொல்லப்போனால் நம் ஊர்க் காது இதற்கு ஏற்கெனவே தயார்.

நீங்கள் கேட்டது டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனில் இருக்கும் கஷ்மியர் உயர்தரப் பாடசாலையின் குழு. கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளி. இசை ஆசிரியர் கொன்ராட் ஜோன்சன், 1967இல் ஓட்டிஸ் ரெடிங்கின் மேடை நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, பள்ளி பாண்டு ஏன் இப்படி வாசிக்கக் கூடாது என்று யோசித்தார். நம் பள்ளிகளில் இல்ல விளையாட்டுப் போட்டி அணிநடைக்கு வாசிக்கிற அதே எக்காளமும் டிரம்மும்தான். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் போட்டிகளில் தொழில்முறைக் குழு என்று நினைக்கும்படி வாசித்தார்கள். பள்ளியே இசைத்தட்டு வெளியிட்டது. பிறகு மறந்து போனது. இகோன் என்ற சேகரிப்பாளர் அந்தத் தட்டுகளின் பின்னால் அலைந்து, ஜோன்சனையும் கண்டுபிடித்து, 2006இல் ஒரு தொகுப்பாகக் கொண்டு வந்தார். 2008 பெப்ரவரியில் ஐம்பது வயது தாண்டிய பழைய மாணவர்கள் ஒன்றுகூடி வாத்தியாருக்காக மறுபடி வாசித்தார்கள். சில நாளில் ஜோன்சன் இறந்தார், 92 வயது. இந்தக் கதையை நினைத்துக்கொண்டு அந்த டிரம்மைக் கேட்டுப் பாருங்கள். கதை தெரியாமல் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கும், அதுதான் எனக்கு முக்கியம்.

இடையில் ஒரு விஷயம். 1940களின் பிற்பகுதியிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த இயேசு சபைக் குருமார் அந்தச் சபையின் நியூ ஓர்லியன்ஸ் பிரிவைச் சேர்ந்த அமெரிக்கர்கள். ஃபங்க்குக்கு ஹூஸ்டனைவிட ஆழமான வேர் உள்ள நகரம் அது, 'தி மீட்டர்ஸ்' குழு பிறந்த ஊர். புனித மிக்கேல் கல்லூரியில் அவர்கள் விட்டுப்போனது கூடைப்பந்து. அவர்களில் ஒருவர் கையில் டிரம் குச்சி இருந்திருந்தால் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கூடைப்பந்து ஆட்கள் கோபிக்க வேண்டாம்.

அப்படியானால் நம் ஊரின் ஃபங்க் எது? பைலாவைச் சொல்வேன். போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். 1638இல் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். பத்தே வருடம்! ஆனால் இங்கே இருக்கும் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் அந்தப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்றும் பேச்சில் இருக்கிறது, கலியாண வீட்டில் வயலினும் ரபான் மேளமும் சேர்ந்து கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்டப்பாட்டு ஒலிக்கிறது. அந்த ஆறு அடித் தாளத்தை எடுத்துத்தான் வாலி பஸ்டியன் என்ற பொலிஸ்காரர் சிங்களத்தில் பைலாவைப் பரப்பினார், அதிலிருந்து நம் தமிழ்ப் பொப் பாட்டுகளும் அள்ளிக்கொண்டன. ஃபங்க் நாலு அடி, பைலா ஆறு அடி, கணக்கு வேறு. ஆனால் உட்கார்ந்திருப்பவனை எழுப்பும் வேலை ஒன்றே. மட்டக்களப்பில் பறங்கியர் வாழும் டச்பார் பக்கத்துக் கலியாண வீட்டுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள், மறுகா இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள்.

சரி, சொந்த ரசனையைத் தலையில் கட்டுவது பற்றி. பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிகளை நான் கேலி செய்வதில்லை. பாலமுனையில் ஒரு உம்மம்மா தன் பேரப்பிள்ளையின் பெயரை றேடியோவில் கேட்கிற சந்தோசத்துக்கு எந்தப் பாட்டும் ஈடில்லை. ஆனால் அது கிழமையில் ஏழு நாளும் நடக்கிறது. நேயர் விருப்பத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: ஏற்கெனவே கேட்டதைத்தான் விரும்பிக் கேட்க முடியும். கேள்விப்படாத பாட்டை யாரும் கேட்டு எழுத மாட்டார்கள். கைபேசி தானாகத் தேர்ந்து போடும் பட்டியலும் அதே வேலையைத்தான் செய்கிறது, இன்னும் வேகமாக. யாரோ ஒருவர் பிடிவாதமாக முதல் தடவை போட்டால்தான் இரண்டாவது தடவை கேட்க ஆள் வரும். சிங்களப் பக்கத்தில் 1960களில் அறிவிப்பாளர் விஜய கொரயா 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவை வானொலிக்குக் கொண்டுவரவில்லையா? அந்தக் குழுவின் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் பாட்டு பின்னால் ஒரு தலைமுறையின் சொத்தானது. அறிவிப்பாளருக்குக் காது இருந்ததால் நடந்தது அது.

அதற்காக ஊர்த் தட்டு என்பதால் மட்டும் எதையும் போட மாட்டேன். நம் பொப் தட்டுகளில் பாதி சுமார் ரகம். எங்கேயோ கேட்ட மெட்டு, தாளத்தை விட்டு ஓடும் டிரம், பெண்களை மட்டம் தட்டும் நகைச்சுவை. நம்முடையது என்று அவற்றைத் தடவிக் கொடுப்பது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை. வீட்டில் எனக்காக இரண்டாவது முறை போட்டுக் கேட்காத தட்டு நிலையத்துக்கு வராது. பாட்டுக்கு முன்னால் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்வேன். பாட்டு ஓடும்போது வாயை மூடிக்கொள்வேன். பின்னணியில் பேசிக்கொண்டே இருக்கிற அறிவிப்பாளர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கடைசியாக, தேடுவது. கடைகளில் தேடி அலைய வேண்டாம். அந்தக் காலத்தில் கோயில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டியவர்கள் யார் என்று ஊரில் விசாரியுங்கள், அவர்களுடைய பிள்ளைகள் வீட்டில் பெட்டி இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பழைய சினிமாக் கொட்டகைக்காரர்கள் அடுத்தது. காசைப் பற்றி முதலில் பேசாதீர்கள். தேத்தண்ணி குடியுங்கள், அந்தத் தட்டு எந்தக் கலியாணத்தில் ஓடியது என்று கேளுங்கள். பல நேரம் தட்டைவிடப் பெறுமதியானது அந்தப் பதில், எழுதி வையுங்கள்.

கிடைத்தால் உடனே சுழல விடக் கூடாது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுக்கான ஊசி தடித்தது, அதை 45 சுற்றுத் தட்டில் வைத்தால் பள்ளமே சிதைந்துவிடும். நம் பக்கத்து ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்திருக்கும். வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். நடுவில் இருக்கும் காகிதத்தில் தண்ணீர் படக் கூடாது, பெயர் விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. 45 தட்டுக்கு இப்படிச் சரி. 78 அரக்குத் தட்டு கிடைத்தால் கழுவாமல் அப்படியே வையுங்கள், கைதவறினால் உடையும். எதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நிறுத்தி வையுங்கள்.

நல்லதாக ஏதாவது அகப்பட்டால் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டாம். அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு வரும்வரை வெயில் படும் கண்ணாடியோரம் வைத்தால் தட்டு அப்பளமாக வளைந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நீங்களே கொண்டு வாருங்கள். நிலையத்தில் இரண்டு பேரும் கேட்போம், பிடித்திருந்தால் அன்றிரவே போட்டுவிடலாம். யாரிடம் கிடைத்தது என்பதை ஒலிவாங்கியில் நீங்களே சொல்லுங்கள்.