மாமா சொல்லும் எம்.பி.ஏ.வுக்கு வீட்டுப் பத்திரம் வேண்டாம்

கரூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. பெரிய கம்பெனியில் மேலே வர வேண்டும் என்கிறாள். உங்கள் அண்ணன் பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரி எம்.பி.ஏ.வைக் கைகாட்டியிருக்கிறார், செலவு 22 லட்சம். கையில் 4 லட்சம் இருக்கிறது, மிச்சத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வைக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 18 லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். மொத்தம் 29 லட்சத்தைத் தாண்டும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. கல்லூரி விளம்பரத்தில் இருப்பது அந்த வருடத்தின் அதிகபட்சச் சம்பளம். வகுப்பில் நடுவில் நின்ற மாணவிக்கு என்ன கிடைத்தது என்று உங்கள் அண்ணனை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வராது.

அவர் பெப்சி கம்பெனியின் தலைவராக இருந்த இந்திரா நூயியை உதாரணம் சொல்கிறாராம். நூயி படித்தது கொல்கத்தா ஐ.ஐ.எம்.மில். அங்கே நுழைவுத் தேர்வு எழுதிப் போவதென்றால் அது வேறு பேச்சு. மல்லிகா சீனிவாசன் டாஃபே டிராக்டர் கம்பெனியை வளர்த்தது பெரிய சாதனைதான், ஆனால் அது குடும்பக் கம்பெனி. நம் பெண்ணுக்கு அந்தக் கதவு இல்லை. அருந்ததி பட்டாச்சார்யா ஆங்கில இலக்கியம் படித்தவர். 1977-ல் ஸ்டேட் வங்கியில் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்து, 2013-ல் அதன் முதல் பெண் தலைவரானார். உள்ளே நுழைந்து 36 வருடம் நின்றதுதான் அவரை மேலே கொண்டுபோனது. மகள் 24 வயதில் எந்தப் பட்டத்தோடு நுழைகிறாள் என்பதைவிட, எந்த அறைக்குப் பக்கத்தில் நுழைகிறாள் என்பதை யோசியுங்கள்.

வங்கித் தேர்வு, சி.ஏ. எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: உங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் தீர்மானப் புத்தகத்தை நாலு வருடமாக அவள்தான் எழுதுகிறாள், யார் என்ன சொன்னார்கள் என்று சண்டை வந்தால் எல்லோரும் அவளைத்தான் கேட்கிறார்கள் என்று. முழுக் கடிதத்திலும் எனக்கு உதவியது அந்த வரிதான். இதையே தொழிலாகச் செய்ய ஒரு படிப்பு இருக்கிறது, கம்பெனி செகரட்டரி. சுருக்கமாக சி.எஸ்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 203-வது பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியும் முழுநேரக் கம்பெனி செகரட்டரி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்கிறது. பங்குதாரர்கள் செலுத்திய மூலதனம் 10 கோடி அல்லது அதற்கு மேல் உள்ள மற்ற கம்பெனிகளுக்கும் இந்தக் கட்டாயம் உண்டு. அந்தப் பதவி காலியானால் இந்தச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் நிரப்பியாக வேண்டும். நிர்வாக இயக்குநரையும் நிதித் தலைவரையும் சொல்லும் அதே பட்டியலில் சட்டம் இவரையும் வைக்கிறது. இயக்குநர் குழு வருடத்துக்குக் குறைந்தது நாலு முறை கூட வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் இவர் உட்கார்ந்திருப்பார், 30 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பு பதிவாக வேண்டும். எந்த முடிவை யார் எதிர்த்தார்கள், எங்கே கடன் வாங்கினார்கள், எதை விற்றார்கள் என்பதெல்லாம் 27, 28 வயதிலேயே கண்ணெதிரே நடக்கும். எம்.பி.ஏ. முடித்து விற்பனைப் பிரிவில் சேர்ந்த பெண் அந்த அறையைப் பார்க்கப் பல வருடம் ஆகும்.

இயக்குநர் நாற்காலியையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலிட்ட கம்பெனிகளில் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. உடனே பல முதலாளிகள் மனைவியையும் மகளையும் உட்கார வைத்தார்கள் (எதிர்பார்த்ததுதானே). பிறகு பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, முன்னணி 500 கம்பெனிகளுக்கு 2019 முதலும், 1,000 கம்பெனிகளுக்கு 2020 முதலும், சுயேச்சையான பெண் இயக்குநர் கட்டாயம் என்றது. சட்டமும் நிர்வாகமும் தெரிந்த, குடும்பத்துக்கு வெளியே உள்ள பெண்களைத் தேடுகிறார்கள். இருபது வருட அனுபவமுள்ள சி.எஸ்.ஸுக்கு அந்தத் தகுதி உண்டு.

பிளஸ் டூ முடித்தவர்கள் சி.எஸ்.இ.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பட்டதாரிகளுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு, ஆனால் அவள் காத்திருக்க வேண்டாம், இப்போதே எழுதலாம். அப்புறம் எக்ஸிகியூட்டிவ் நிலையில் ஏழு தாள், புரொஃபெஷனல் நிலையில் ஏழு தாள், 21 மாதப் பயிற்சி. இதை நடத்துவது நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த இந்தியக் கம்பெனி செகரட்டரிகள் நிறுவனம், அதாவது ஐ.சி.எஸ்.ஐ. அதன் தென்மண்டல அலுவலகம் சென்னையிலும், கிளை கோயம்புத்தூரிலும் உண்டு. அங்கே கட்டும் கட்டணம் முழுவதையும் கூட்டினாலும், உங்கள் அண்ணன் சொல்லும் கல்லூரியின் ஒரு செமஸ்டர் கட்டணத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். தேர்வில் தோல்வி சகஜம், முதல் முறையே தேறுகிறவர்கள் குறைவு. ஆரம்பச் சம்பளத்தைக் கேட்டு உறவினர்கள் மெச்ச மாட்டார்கள். சில கம்பெனிகளில் வெறும் படிவம் நிரப்ப வைத்துவிடுவார்கள், அங்கே இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அவளுக்கு சட்ட வாசகம் அலுப்பூட்டினால் இந்தப் படிப்பு வேண்டவே வேண்டாம். நான் சொன்னேன் என்று திணிப்பது, மாமா சொன்னார் என்று திணிப்பதைவிட எந்த விதத்திலும் உசத்தி இல்லை. கம்பெனிகள் சட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இயக்குநர்கள் பற்றிய அத்தியாயத்தை ஒரு வாரம் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

"கல்யாணம், குழந்தை என்று வந்தால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பட்டம் வாங்குவதை நான் ஏற்கவில்லை. ஆனால் இடைவெளி நிஜம்தான். பல பெண்கள் முப்பதுகளில் வேலையை விட்டு, திரும்பும்போது பழைய நாற்காலி இல்லாமல் நிற்கிறார்கள். சி.எஸ். முடித்தவர் தொழில் செய்வதற்கான சான்றிதழ் வாங்கிச் சொந்த அலுவலகம் வைக்கலாம். கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று சரிபார்க்கும், பெரிய கம்பெனிகளுக்குக் கட்டாயமான செயலகத் தணிக்கையைச் செய்யலாம், தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் கட்சிக்காரருக்காக ஆஜராகலாம்.

உங்கள் 4 லட்சத்தில் கை வையுங்கள், வீட்டில் வேண்டாம். பயிற்சிக் காலத்தில் தரும் உதவித்தொகை கோயம்புத்தூரிலோ சென்னையிலோ விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போதாது. அந்த 21 மாதத்துக்கு என்று இரண்டு லட்சத்தைத் தனியாக வைப்பு நிதியில் போட்டுவிடுங்கள்.